மேல்வாய் வரை ஊற்றிய எண்ணெய்

பிள்ளைகளே,

நேற்று மூத்தவன் கியர்ப்பெட்டிக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவன் கையைத் தட்டிவிட்டேன். டின் கவிழ்ந்து தரையெல்லாம் எண்ணெயாயிற்று. "இன்னும் கொஞ்சம் ஊத்தினா என்னப்பா? நிறைய இருந்தா நல்லதுதானே?" என்றுதான் அவன் கேட்டான். அதற்கு நான் அப்படிக் கத்தியிருக்க வேண்டியதில்லை. நீங்கள் எல்லாரும் பயந்து சுவரோரம் ஒதுங்கினீர்கள். அம்மா மட்டும் மரத்தூளைக் கொண்டுவந்து தரையில் தூவினாள். அவளுக்குக் காரணம் தெரியும். உங்களுக்கும் தெரியட்டும் என்று எழுதுகிறேன். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தோடு படிப்பை விட்டவன். பிழை இருந்தால் நீங்களே திருத்தி வாசியுங்கள்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். காரைச் சமமான தரையில் நிறுத்த வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினால் உள்ளே எண்ணெய் இளகியிருக்கும். அது வழிந்து அடியில் சேரும்வரை பொறுக்க வேண்டும். பிறகு கால் வைக்கும் பலகையைக் கழற்றினால் கியர்ப்பெட்டி தெரியும். அதற்கு மேலே ஒரு வாய், பக்கவாட்டில் ஒரு சின்ன மூடி. மேல்வாய் ஊற்றுவதற்கு. பக்கத்து மூடி அளவு பார்ப்பதற்கு. பக்கத்து மூடியைத் திருகி எடுத்துச் சுண்டுவிரலை நுழைத்துப் பாருங்கள். விரல் நுனியில் எண்ணெய் பட்டால் போதும். படாவிட்டால், வெயிலில் வைத்து இளக்கிய எண்ணெயை மேலே ஊற்றுங்கள், மெதுவாக, கருப்பட்டிப் பாகு ஊற்றுவதுபோல. பக்கத்து ஓட்டையில் எண்ணெய் எட்டிப் பார்த்ததும் நிறுத்துங்கள். மிச்சம் சொட்டி நின்றபிறகு மூடியைத் திருகுங்கள். அவ்வளவுதான் வேலை. இதற்குமேல் ஒரு கரண்டிகூட வேண்டாம்.

கிள்ளானில் எனக்கு முதலாளியாக இருந்தவர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். அவரை 'அவர்' என்றே எழுதுகிறேன். உங்களுக்காகத்தான். என் மனதுக்குள் வேறு சொல் இருக்கிறது.

ரப்பர் விலை ஏறிக் கிடந்த காலம் அது. தோட்டத்துக் கங்காணிமார்கூடக் கல்யாணத்துக்கு வாடகைக் கார் பிடித்தார்கள். அவர் கார்களை வாங்கி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். நான் அவருடைய டிரைவர். பித்தளைப் பொத்தான் வைத்த காக்கிக் கோட்டு ஒன்று கொடுத்திருந்தார். அந்தக் கோட்டோடு நான் பாசாரில் நடந்தால், "டிரைவரண்ணே, கோலாலம்பூர் எப்பப் போறீங்க?" என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். உங்கள் அம்மாவுக்கு அதில் தனிப் பெருமை. பொத்தான்களைச் சாம்பல் போட்டுத் துலக்கித் தருவாள்.

ஆயுத பூசை வந்தால் அவர் வீட்டில் ஒரு வழக்கம். பூசைக்கு முன்னால் ஒவ்வொரு காரின் கியர்ப்பெட்டிக்கும் அவர் தம் கையாலேயே எண்ணெய் ஊற்றுவார். பக்கத்து மூடியைத் திறக்கவே விடமாட்டார். மேல்வாய் நிறைந்து, எண்ணெய் பொங்கி வழிந்து, பெட்டியின் முதுகில் இறங்க வேண்டும். அப்போதுதான் அந்த வருசத் தொழிலும் நிறைந்து வழியுமாம்.

"பொங்கப்பானையில பாதி வரைக்கும் வச்சுட்டு இறக்குவியாடா?" என்பார். "வழியணும். வழிஞ்சாத்தான் லெச்சுமி."

நான் எண்ணெயைப் பற்றி அப்போது அதிகம் அறியாதவன். ஓட்டத் தெரியும், கழுவத் தெரியும், அவ்வளவே. நானும் மற்றவர்களோடு சேர்ந்து கும்பிட்டேன்.

அந்த வருசம் பூசை முடிந்த மாலையே அவரைக் கோலாலம்பூருக்குக் கூட்டிப் போய் வந்தேன். மறுநாள் காலையில் பாசாருக்குப் போனோம். சரிவான தெரு அது. கருவாட்டுக் கடைக்குச் சற்று மேலே நிறுத்தச் சொன்னார். எஞ்சினை அணைத்தால் மறுபடி முன்னால் நின்று கைச்சாவி போட்டுச் சுற்ற வேண்டும். அதனால் சின்ன வேலைக்கு நிறுத்தும்போது அணைக்கக் கூடாது என்பது அவர் கட்டளை. கியரை எடுத்துவிட்டு, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, அவருக்குக் கதவு திறக்க இறங்கினேன். அவர் இறங்கி ரெண்டு எட்டு வைத்திருப்பார். கார் புறப்பட்டுவிட்டது.

நான் கதவைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடினேன். பிடிக்க முடியவில்லை. கருவாட்டுக் கூடைகளை நசுக்கிக்கொண்டு போய்க் கடைத் தூணில் முட்டி நின்றது. முன்பக்கத்துத் தண்ணீர்ப் பெட்டி உடைந்து ஆவி கிளம்பியது. ஆள் யாருக்கும் அடி இல்லை. அதுவரை நல்ல காலம்.

கூட்டம் கூடிவிட்டது. கருவாட்டுக் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். முதலாளி வந்தார், காரைப் பின்னால் தள்ள வேண்டும் என்று உள்ளே கையை விட்டுக் கைப்பிரேக் லீவரை இறக்கினார். இறக்கினார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அது மேலே இருந்ததை நான் பார்த்தேனா, அல்லது பார்த்ததாக நினைத்தேனா, அந்தக் களேபரத்தில் தெரியவில்லை. பிறகு அவர் எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினார்.

"பாருங்கய்யா! பிரேக்கே போடலை! பிரேக்கு போடத் தெரியாதவனெல்லாம் கோட்டு மாட்டிக்கிட்டு டிரைவருன்னு வந்துட்டான்!"

"இழுத்தேன் முதலாளி…"

"இழுத்தியா? அப்ப காருக்குக் காலு முளைச்சு அதுவா நடந்துச்சா? கோட்டைக் கழட்டுடா!"

கூட்டம் சிரித்தது. நான் நின்றேன். அவரே என் மார்பைப் பிடித்து இழுத்தார். ஒரு பொத்தான் தெறித்து வாய்க்காலில் விழுந்தது. கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். உள்ளே பனியன். அதிலும் தோள்பட்டையில் கிழிசல். அந்தக் கோலத்தோடு, தினமும் எனக்கு வணக்கம் சொன்ன கடைகளுக்கு முன்னால் நடந்து வீட்டுக்கு வந்தேன்.

உங்கள் அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில் மெதுவாக, "இழுத்தீங்கதானேங்க?" என்றாள்.

அவள்மேல் தப்பு இல்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னோடு படுத்தது, என்னோடு எழுந்தது. இழுத்தேன் என்று என் கை சொன்னது. கார் போனதை என் கண் பார்த்தது. எதை நம்புவது? கிள்ளானில் ஒருத்தரும் வேலை தரவில்லை. "பிரேக்கு மறக்கிற ஆளா?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். பிறகு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் பட்டறையில், கார் கழுவுகிற வேலை கிடைத்தது. அங்கே ஒரு காரைத் தள்ளி நிறுத்தி லீவரை இழுத்துவிட்டு நாலடி நடப்பேன். இழுத்தோமா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பேன். மறுபடி நடப்பேன். மறுபடி திரும்புவேன். தவுக்கே என்னைப் பைத்தியம் என்று நினைத்தார்.

கழுவுகிற வேலையிலிருந்து எண்ணெய் வேலைக்கு மாறினேன். ஒரு நாள், கைப்பிரேக் பிடிக்கவில்லை என்று ஒரு தோட்டத்து ஆபீஸ் கிராணியின் கார் வந்தது. என் முதலாளியிடம் இருந்த அதே மாதிரிக் கார். அந்தக் காரில் கைப்பிரேக் சக்கரத்தில் பிடிப்பதில்லை. கியர்ப்பெட்டிக்குப் பின்னாலேயே, சக்கரத்துக்குப் போகும் சுழல்தண்டில், ஓர் இரும்பு டிரம் இருக்கும். லீவரை இழுத்தால் உள்ளிருக்கும் கட்டைகள் விரிந்து அதைப் பிடிக்கும். டிரம்மைக் கழற்றினேன். உள்ளே கறுப்பாக எண்ணெய் குளம் கட்டியிருந்தது.

தவுக்கே எட்டிப் பார்த்தார். கியர்ப்பெட்டியை விரலால் தட்டிக் காட்டி, "பாஞா ஈசி" என்றார். ரொம்ப நிரப்பிவிட்டார்கள் என்று மலாயில் அர்த்தம். அளவுக்கு மேல் ஊற்றினால், ஓடிச் சூடாகும்போது அது பின்பக்கமாகக் கசிந்து நேராகப் பிரேக்குக்குள் போகிறது. லீவர் மேலே இருக்கும். பிரேக் வழுக்கும்.

நான் அந்த டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். பூசை. வழிய வழிய எண்ணெய். மாலையில் கோலாலம்பூர் ஓட்டம். மறுநாள் சரிவு. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது. நான் இழுத்திருக்கிறேன்! என் கை பொய் சொல்லவில்லை!

சந்தோசப்பட்டேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. அதுவரை எனக்கு இருந்தது வெட்கம். அன்றைக்கு வெட்கம் போய் அந்த இடத்தில் வேறொன்று வந்து குந்திக்கொண்டது. இதை அவரிடம் போய்ச் சொல்லலாம் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. சொன்னால் சிரிப்பார். அதே கார், அதே மாதிரிச் சரிவு, லீவரில் அவர் கை, சுற்றிலும் அதே சனங்கள். அது நடக்க வேண்டும். சோறு தின்னும்போதெல்லாம் நான் நினைத்தது அதைத்தான்.

அடுத்த ஆயுத பூசைக்கு முந்தின நாள், அவரே பட்டறைக்கு வந்தார். பூசைச் சாமான் வாங்க கோலாலம்பூர் வந்திருந்தார். வழியில் கியர் முனக ஆரம்பித்துவிட்டதாம். அதே காரைப் புது டிரைவர் ஒருவன் ஓட்டி வந்தான்; என் கோட்டு அவன் உடம்பில். தெறித்த பொத்தானுக்குப் பதிலாகக் கறுப்புப் பொத்தான் தைத்திருந்தது.

பலகையைக் கழற்றிப் பக்கத்து மூடியைத் திறந்து விரலை விட்டேன். எண்ணெய் எட்டவில்லை. வருசா வருசம் வழிய ஊற்றிப் பின்பக்கத்து அடைப்பே நைந்திருந்தது.

அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "அட, நம்ம பிரேக்குக்காரன்! இங்கயா இருக்கே? தவுக்கே, இவன்கிட்ட காரைக் கொடுத்தா கட்டிப்போட்டு வச்சுக்கங்க. ஓடிரும்."

புது டிரைவர் சிரித்தான். நான் டின்னை எடுத்தேன்.

"அந்த ஓட்டையை மூடு. மேல வழியிற வரைக்கும் ஊத்து. நாளைக்குப் பூசை."

"அளவு இதுதான் முதலாளி. மேல போனா பின்னால கசியும்."

"கசிஞ்சா உன் வீட்டு எண்ணெயா? ஊத்துடா!"

கசியும் என்று சொன்னேன். எங்கே போய்ச் சேரும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதை இன்றைக்கும் நான் தப்பென்று நினைக்கவில்லை. ஊற்றினேன். தவுக்கே தூரத்திலிருந்து, "சுக்கோப், சுக்கோப்!" போதும் போதும் என்று கத்தினார். "கார்க்காரர் கேக்கிறார், தவுக்கே" என்று சொல்லிவிட்டு இன்னும் ஊற்றினேன். எண்ணெய் மேல்வாயில் நிறைந்து, கொஞ்சம் நின்று, பிறகு வழிந்தது. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மாலையில் சோற்றுக்கு உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. முதலாளி வீட்டு முற்றம் தெருவாசலை நோக்கிச் சரிந்தது. பூசையன்று முதல் காரை மேலேயிருந்து அவரே ஓட்டிவந்து சரிவில் நிறுத்துவார். வாசல் பக்கம், காருக்கு நேர் எதிரில், பெண்களும் குழந்தைகளும் நிற்பார்கள். உங்கள் அம்மாவும் நின்றிருக்கிறாள். எனக்கு வேண்டியது ஓர் ஆள்தான். மற்றவர்கள் யாரும் எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

காலை ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். பட்டறையில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் ஆப்புக்கட்டை ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன். அவர் விழ வேண்டும், ஆனால் நான் சொல்கிற நேரத்தில்.

நான் போய்ச் சேர்ந்தபோது, முந்தின நாள் நான் எண்ணெய் ஊற்றிய அதே கார் சரிவில் நின்றுகொண்டிருந்தது. வாழைக்கன்று, மாலை, சந்தனம், குங்குமம். முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்கள். பண்டாரம் கற்பூரத்தட்டைத் தயார் செய்துகொண்டிருந்தார். பூசை முடிந்ததும் கைச்சாவி போட வேண்டும் என்பதால் கியர் எடுத்திருந்தது. நான் பழங்களைப் பார்த்தேன். இன்னும் யாரும் காரைக் கிளப்பவில்லை. ஆனால் பழங்களின் ஒரு பக்கம் நசுங்கிச் சாறு கசிந்து மண் நனைந்திருந்தது. பிரேக் ஏற்கெனவே வழுக்கத் தொடங்கியிருந்தது. எதிரே ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு நின்றாள்.

குனிந்து கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் செருகினேன்.

"டேய்! நீ எங்கடா இங்க?" முதலாளி. அன்றைக்கு அவர் கழுத்து மூடிய கறுப்புக் கோட்டும் ஜரிகை வேட்டியுமாக இருந்தார். "பூசைக் காருல என்னடா கட்டை?"

"கார் இறங்குது முதலாளி."

"கைப்பிரேக்கு போட்டிருக்குடா! நானே என் கையால இழுத்துப் போட்டேன். எல்லாரையும் உன்னை மாதிரி நினைச்சியா?"

சனங்கள் சிரித்தார்கள். அதே சிரிப்பு. கருவாட்டுக் கடைக்காரரும் இருந்தார், சந்தனம் பூசிய நெற்றியோடு.

"யாரு இழுத்தது? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றேன்.

"நான்டா! நான் இழுத்தேன்! காது செவிடா?"

புது டிரைவரைப் பார்த்தேன். "தம்பி, லீவர் எப்படி இருக்குன்னு பாரு. தொடாத."

அவன் எட்டிப் பார்த்தான். "மேலதாண்ணே இருக்கு. கடைசிப் பல்லு வரைக்கும்."

"அக்கா, கொஞ்சம் அந்தப் பக்கம் வாங்க. பிள்ளையைக் கூட்டிக்கங்க. ஐயா, நீங்களும் தள்ளி நில்லுங்க." கற்பூரத்தோடு நின்ற பண்டாரத்தையும் கையைப் பிடித்து விலக்கினேன். ஏதோ வேடிக்கை என்று எல்லாரும் சிரித்துக்கொண்டே வழி விட்டார்கள். வாசல்வரை மண் வெறுமையாகக் கிடந்தது. ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்துக்கொண்டேன். பிறகு கட்டையைக் காலால் எத்தித் தள்ளினேன்.

கொஞ்ச நேரம் கார் யோசித்தது. எலுமிச்சம்பழங்கள் பட்டென்று வெடித்தன. பிறகு மாலையும் வாழைக்கன்றுமாக, ஆளில்லாமல், ஊர்வலம் போவதுபோல அது இறங்கியது. முதலாளி "பிடி, பிடி!" என்று கத்தினார். யார் பிடிப்பது? வாசல் தூணில் மோதியது. அவர் பெயர் எழுதிய பலகை கழன்று கார்மேல் விழுந்தது.

"யாரும் லீவரைத் தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டு நான் முதலில் ஓடினேன். கதவுக்கு முன்னால் கையை விரித்து நின்றேன். ஒவ்வொருவராகப் பார்க்கச் சொன்னேன். கருவாட்டுக் கடைக்காரர் உள்ளே தலையை விட்டு நிறைய நேரம் பார்த்தார்.

"மேலதான்யா இருக்கு," என்றார். பிறகு முதலாளி பக்கம் திரும்பினார். "அப்ப போன வருசம் என் கருவாட்டை நாசம் பண்ணினது யாரு?"

நான் காருக்கு அடியில் படுத்து டிரம்மின் விளிம்பில் கையை வைத்தேன். முழங்கைவரை எண்ணெய் வழிந்தது. எழுந்து கையைத் தூக்கிக் காட்டினேன். "இதான் நேத்து இவரு பொங்க வச்ச எண்ணெய். மேல ஊத்தினா இங்கதான் வரும். அன்னைக்கும் இதான் வந்துச்சு. அன்னைக்கும் நான் இழுத்துத்தான் வச்சிருந்தேன்."

முதலாளி குனிந்து, விழுந்த பலகையை எடுக்கப் பார்த்தார். அப்போது நான் அவருக்குப் பக்கத்தில் போய், ஒரு வருசமாக வாய்க்குள் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"கோட்டைக் கழட்டுங்க, முதலாளி."

முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு பண்டாரம். பிறகு முற்றமே சிரித்தது. பின்னாலிருந்து யாரோ ஒருவன், "கழட்டச் சொல்றாருல்ல, கழட்டுங்களேன்!" என்றான். அவர் கோட்டைக் கழற்றவில்லை. ஆனால் அதன் கழுத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் போனார், யாரோ பறித்துவிடுவார்கள் என்பதுபோல. எனக்கு அது போதும்.

பிற்பாடு வேலைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். நான் பதிலே சொல்லவில்லை. அவர் கெட்டு நொடித்ததை எல்லாம் கேள்விப்பட்டேன். இரக்கம் வந்ததா என்று கேட்காதீர்கள்.

அன்று முற்றத்தை விட்டுப் புறப்படும்போது, சக்கரம் ஏறி நசுங்கிய எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து மடியில் முடிந்துகொண்டேன். திருஷ்டி கழித்த பழத்தை யாரும் மிதிக்கக்கூட மாட்டார்கள், எடுக்கவே கூடாது. ஒரு கிழவி, "ஐயய்யோ, அதைத் தொடாதப்பா" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கி வீட்டுக்குப் போவதற்கு முன் பட்டறைக்குப் போனேன். தவுக்கே சாப்பிடப் போயிருந்தார். பின்னால் குழாயடியில் யாருமில்லை. கையில் அவருடைய எண்ணெய் அப்படியே காய்ந்து பிசுபிசுத்துக் கிடந்தது. மடியிலிருந்த பழத்தை எடுத்து, மிச்சமிருந்த சாற்றைப் பிழிந்து, உள்ளங்கை, புறங்கை, நகக்கண் எல்லாம் அந்தத் தோலாலேயே தேய்த்தேன். எண்ணெய் விட்டது. தோலை வாய்க்காலில் எறிந்துவிட்டுக் குழாயைத் திறந்து கையைக் கழுவினேன்.